காருக்குப் பாடி கட்டிய தச்சர்கள்

1907ஆம் ஆண்டில் லண்டனில் ஒரு பணக்காரர் ரோல்ஸ் ராய்ஸ் வாங்கப் போனால் கம்பெனி அவருக்கு முழுக் காரைக் கொடுக்காது. நீளமான எஃகுச் சட்டம், அதன்மேல் எஞ்சின், முன்னால் ரேடியேட்டர், கியர் பெட்டி, ஸ்டியரிங், நான்கு சக்கரம் ஆகியவற்றோடு கம்பெனியின் வேலை முடிந்துவிடும். உட்கார இருக்கை, கதவு, கூரை எதுவும் இருக்காது. அந்தச் சேஸிஸை வேறொரு பட்டறைக்கு அனுப்பி, எத்தனை பேர் உட்கார வேண்டும், கூரை நிலையாக இருக்க வேண்டுமா, மடங்க வேண்டுமா, என்ன நிறம், என்ன துணி என்றெல்லாம் சொல்லி, தனியாகப் பணம் கொடுத்துப் பாடி கட்டிக்கொள்ள வேண்டும். கார் கைக்கு வரச் சில மாதங்கள் ஆகும்.

அந்த ஆண்டு வெளிவந்த புகழ்பெற்ற சில்வர் கோஸ்ட் அப்படிக் கட்டப்பட்டதுதான். ஏ.எக்ஸ். 201 என்ற பதிவெண் கொண்ட அந்தக் காருக்கு அலுமினியப் பெயின்ட் பூசி, வெள்ளி முலாம் போட்ட பித்தளைச் சாமான்களைப் பூட்டி அழகு பார்த்தது பார்க்கர் என்ற லண்டன் பட்டறை. பார்க்கர் தொடங்கிய ஆண்டு 1710. கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை வாங்கிய 1886க்கு நூற்று எழுபத்தாறு ஆண்டுகள் முன்பே அவர்கள் தொழிலில் இருந்தார்கள். அதுவரை அவர்கள் கட்டியது குதிரைவண்டி.

முதல் முப்பது ஆண்டு மோட்டார் காரைப் புரிந்துகொள்ள இதுதான் சாவி. எஞ்சின் புதிதாகப் பிறந்தது. பாடியோ பழைய வண்டிப் பட்டறைகளிலிருந்து வந்தது. கட்டியவர் தச்சர், தகடு அடித்தவர் கொல்லர், பூசியவர் வண்டி வார்னிஷ்காரர். லிமூசின், லாண்டோலெட், ஃபேட்டன், புரோம் என்று கார் விளம்பரங்களில் வந்த பெயர்களில் பல குதிரைவண்டிப் பெயர்களே. ஓட்டுநர் முன்னால் வெயிலிலும் மழையிலும் உட்கார, முதலாளி பின்னால் கண்ணாடி அறைக்குள் உட்காரும் ஏற்பாடும் அங்கிருந்து வந்ததுதான். ஓட்டுநரின் இருக்கைக்குத் தோல் போட்டார்கள், ஏனென்றால் அது நனையும். முதலாளியின் இருக்கைக்கு மெல்லிய கம்பளித் துணி. இன்றைக்குத் தோல் இருக்கைக்குக் கூடுதல் பணம் கொடுக்கிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம்.

பழைய வண்டிக் கணக்கு புதிய வண்டிக்கு எப்போதும் பொருந்தவில்லை. 1900 வாக்கில் சேஸிஸ் மிகக் குட்டை. முன் இருக்கைக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே கதவு வைக்க இடமில்லை. பல கார்களில் பின் சக்கரத்துக்குப் போகும் சங்கிலி வேறு பக்கவாட்டில் ஓடியது. அதனால் பின் இருக்கைக்காரர்கள் காரின் பின்புறத்தில் இருந்த சிறு கதவு வழியாக ஏறினார்கள். டோனோ என்று அந்த அமைப்புக்குப் பெயர். தெருச் சேற்றில் இறங்கிக் காரைச் சுற்றிவந்து ஏற வேண்டிய இந்தச் சங்கடம், சேஸிஸ் நீண்ட பிறகு நீங்கியது. பக்கவாட்டில் கதவு வந்தது.

பாடி என்றால் முதலில் மரக்கூடு. இங்கிலாந்தில் அதற்கு எடுத்த மரம் பெரும்பாலும் ஆஷ். கிரிக்கெட் ஸ்டம்பும் சுத்தியல் பிடியும் செய்கிற மரம் இது. அதிர்ச்சியை வாங்கி, சற்று வளைந்து, உடையாமல் நிமிரும். திருகாணி போட்டால் இறுகப் பிடித்துக்கொள்ளும். கனமும் அதிகமில்லை. தேக்கைப் போல மழைக்கும் பூச்சிக்கும் நின்று பிடிக்காது என்பது அதன் குறை. தண்ணீர் தேங்கும் அடிப்பகுதியில் இற்றுப்போகும். பழைய கார்களைப் புதுப்பிக்கிறவர்கள் முதலில் குத்திப் பார்ப்பது கதவுக்குக் கீழேயுள்ள அந்த அடிச்சட்டத்தைத்தான்.

மரத்தை வாங்கியதும் அறுத்து வேலையைத் தொடங்கிவிட முடியாது. பலகையாக அறுத்து, இடையில் காற்றோட்டத்துக்குக் குச்சிகள் வைத்து அடுக்கி, ஆண்டுக்கணக்கில் காயவிட வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது தச்சர்களின் பழைய கணக்கு. பட்டறை முதலாளியின் பணத்தில் பெரும்பகுதி இப்படிக் கொட்டகையில் அடுக்காகக் கிடந்தது. ஈரம் போகாத மரத்தில் கட்டிய பாடி ஓடத் தொடங்கிய சில மாதங்களில் சுருங்கி, மூட்டெல்லாம் ஆடும்.

வரைபடத்தையும் சிறிய தாளில் போட்டு நிறுத்திக்கொள்ள மாட்டார்கள். காரின் பக்கத் தோற்றம், மேல் தோற்றம், குறுக்குவெட்டு எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக, காரின் உண்மை அளவிலேயே, சுவரில் மாட்டிய பெரிய பலகையில் வரைவார்கள். அதிலிருந்து ஒவ்வொரு மரத்துண்டுக்கும் அச்சுப் பலகை எடுத்து, பட்டை ரம்பத்தில் அறுத்து, இழைத்து, துளையில் நாக்கைச் செருகும் மூட்டுகளாகச் சேர்த்து, பசையும் திருகாணியும் போட்டு இறுக்குவார்கள். பாரம் ஏறும் மூலைகளில் இரும்புப் பட்டை சேரும். கதவு தொங்கும் தூணில் கூடுதல் கவனம் வைத்தார்கள். கதவின் எடை முழுவதையும் தாங்குவது அந்த ஒரு மரக்கட்டை.

கூட்டின்மேல் போர்த்திய பலகையும் தொடக்கத்தில் மரம்தான். மெல்லிய மகோகனிப் பலகையை ஒரு பக்கம் நனைத்து, மறுபக்கம் சூடு காட்டினால் அது மெதுவாக வளையும். பிளந்துவிடாமல் இருக்க உட்புறம் கித்தான் துணியை ஒட்டுவார்கள். ஆனால் மரப்பலகை ஒரு திசையில்தான் மனம் வைத்து வளையும். இரண்டு திசையில் உருண்டு வரும் வளைவுக்கு அதை இழுக்க முடியாது. 1901, 1902 வாக்கில் பாரிஸ் பட்டறைகள் கொண்டுவந்த ‘பெல்ஜிய ராஜா’ பாணிப் பாடி இந்தச் சிக்கலைக் கிளப்பிவிட்டது. இரண்டாம் லியோபோல்ட் மன்னருக்காகப் பாரிஸின் ரோத்ஷில்ட் பட்டறை கட்டிய பாணி அது. சாய்வு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டுக் காட்டி, ‘இந்த மாதிரி வேண்டும்’ என்று சொல்லப்பட்டதாக ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, பின்புறம் புடைத்துக்கொண்டு வந்த அந்த உருளை வடிவம் தகடு இல்லாமல் முடியாது.

அந்த ரோத்ஷில்ட் பட்டறைக்கு அலுமினியம் ஏற்கெனவே பழக்கம். 1899இல் கமீல் ஜெனட்ஸி மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய முதல் மோட்டார் வண்டியான ‘லா ஜமே கோந்தாந்த்’துக்கு, பார்ட்டினியம் என்ற அலுமினியக் கலவைத் தகட்டில் சுருட்டு வடிவப் பாடி போட்டவர்கள் அவர்கள்தான். 1886இல் மின்சாரத்தால் அலுமினியம் பிரிக்கும் முறை வந்திராவிட்டால் இது நடந்திருக்காது. அதற்குமுன் அலுமினியம் நகைக்கடைப் பொருள்.

தகடு அடிக்கும் வேலையை இங்குள்ள டிங்கரிங் பட்டறைக்காரர்கள் பார்த்தால் உடனே புரிந்துகொள்வார்கள். மணல் நிரப்பிய தோல் பையின்மேல் தகட்டை வைத்துக் கொட்டாப்புளியால் தட்டிக் குழி எடுப்பார்கள். தட்டிய தடம் முண்டும் பள்ளமுமாக இருக்கும். பிறகு அதை இரண்டு உருளைகளுக்கு நடுவே கொடுத்து முன்னும் பின்னும் தள்ளித் தள்ளி இழுப்பார்கள். மேல் உருளை தட்டை, கீழ் உருளை சற்றுக் குவிந்தது. அழுத்தம் பட்ட இடத்தில் தகடு மெலிந்து விரிகிறது. விரிந்த தகடு போக இடமில்லாமல் மேலே உப்புகிறது. இதில் அளவுகோல் உள்ளங்கைதான். கண்ணுக்குத் தெரியாத மேட்டைத் தகட்டின்மேல் கையை ஓடவிட்டுக் கண்டுபிடிப்பார்கள்.

வளைந்து நிற்கும் தகட்டின் ஓரத்தை மரச்சட்டத்தின்மேல் மடித்து, ஆணி அடித்து நிறுத்துவார்கள். இரண்டு தகடு சேரும் இடத்தில் கோடு தெரியும். அதை மறைக்க மேலே ஒரு மெல்லிய பட்டி ஓடும். அந்தக் காலத்துக் கார்களில் இடுப்பு உயரத்தில் முன்னிருந்து பின்வரை ஓடும் அழகான கோடு இப்படி வந்ததுதான். பின்னாளில் அதற்கு வேறு நிறம் பூசி அலங்காரமாக்கினார்கள். மட்கார்டுக்கு மட்டும் பலர் எஃகையே வைத்துக்கொண்டார்கள். ஓயாமல் அதிரும் இடத்தில் அலுமினியம் விரிசல் விட்டது.

இவ்வளவும் முடிந்தாலும் கார் சாலைக்கு வராது. பெயின்ட் இருக்கிறதே!

முதலில் மூலப் பூச்சு. பிறகு மேடுபள்ளம் நிரப்பப் பட்டி, அதன்மேல் மறுபடி பட்டி. காய்ந்ததும் நுரைக்கல்லும் தண்ணீரும் கொண்டு தேய்த்து மட்டம் செய்ய வேண்டும். தேய்த்ததை மறுபடி பூசி, மறுபடி தேய்த்து, கண்ணாடி போல் ஆன பிறகே நிறம். நிறத்துக்கு மேலே வார்னிஷ். நல்ல பட்டறையில் பதினைந்து, இருபது பூச்சுகூடச் சாதாரணம். வார்னிஷ் என்பது ஆளிவிதை எண்ணெயில் காய்ச்சிய மரப்பிசின். அது தன் பாட்டுக்கு, காற்று பட்டு, மெதுவாகத்தான் காயும், அவசரப்படுத்த வழியில்லை. கடைசிப் பூச்சுக்குத் தனி அறை. தூசி எழும்பாமலிருக்கத் தரையில் தண்ணீர் தெளித்து, கதவைச் சாத்திக்கொண்டு பூசுவார்கள். ஒரு காரின் பெயின்ட் வேலை மூன்று வாரத்திலிருந்து ஒரு மாதத்துக்கு மேலும் போகும்.

இவ்வளவு பாடுபட்டுப் பூசியது நிலைத்ததா என்றால், அதுவும் இல்லை. வார்னிஷ் வெயிலில் மஞ்சளாகும். நீலக் கார் சில வருடத்தில் பச்சை தட்டும். குதிரைலாயத்துப் பக்கம் நிறுத்தினால் சாணம், சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியா பளபளப்பைத் தின்றுவிடும். வசதியுள்ளவர்கள் காரை அவ்வப்போது பட்டறைக்கு அனுப்பி மறு வார்னிஷ் போட்டுக்கொண்டார்கள். அந்தச் செலவுக்கு யாரும் முணுமுணுத்ததாகத் தெரியவில்லை. குதிரைவண்டிக் காலத்திலும் அப்படித்தானே இருந்தது!

முணுமுணுப்பு வேறிடத்தில் வந்தது. சத்தம்.

அன்றைய சேஸிஸ் என்பது இரண்டு நீள எஃகுச் சட்டங்களும் அவற்றை இணைக்கும் சில குறுக்குச் சட்டங்களும்தான். ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் சட்டம் முழுவதும் முறுக்கிக்கொள்ளும். அதன்மேல் இறுக்கிப் பூட்டிய மரக்கூடும் கூடவே முறுக வேண்டும். திறந்த காரில் இது பெரிதாகத் தெரியாது. மேலே கூரையும் நான்கு பக்கமும் கண்ணாடியும் வந்த மூடிய காரில், மூட்டெல்லாம் தளர்ந்து, பழைய மரக்கட்டில் மாதிரி கிறீச்சிட்டது. தகடுகள் அதிர்ந்து உறுமின. குதிரை இழுத்த வேகத்துக்குக் கணக்குப் போட்ட மூட்டு, மோட்டார் வேகத்துக்கு ஈடு கொடுக்கவில்லை என்பதே உண்மை.

தீர்வு ஒரு விமானியிடமிருந்து வந்தது. ஷார்ல் டெர் வெய்மன் 1889இல் ஹெய்ட்டி நாட்டின் போர்ட்டோ பிரின்ஸில் பிறந்தவர். அப்பா அமெரிக்கர், அம்மா ஹெய்ட்டிக்காரர். 1911இல் கார்டன் பென்னட் விமானப் பந்தயத்தில் அமெரிக்காவுக்காக வென்றவர். அன்றைய விமானம் என்பது மெல்லிய மரக்குச்சிகளின் மேல் இழுத்துக் கட்டிய துணி. அது காற்றில் வளைந்து நெளிந்தும் கலகலத்துப் போவதில்லை. அதே யோசனையை அவர் 1920களின் தொடக்கத்தில் பாரிஸில் காருக்குக் கொண்டுவந்தார்.

வெய்மன் செய்தது எளிமையானது. தச்சர்களுக்கோ அது அபசாரம். மூட்டில் மரமும் மரமும் தொடவே கூடாது என்றார். இரண்டு மரத்துண்டுகளுக்கு இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, எஃகுத் தகட்டால் இணைத்தார். சேஸிஸ் முறுகினால் கூடும் தன் இஷ்டத்துக்கு வளையட்டும். உரச மரமில்லாதபோது சத்தம் எங்கிருந்து வரும்? இருக்கைகளைப் பாடியில் மாட்டாமல் சேஸிஸோடு சேர்த்தார், ஆட்களின் எடை கூட்டின்மேல் விழாதபடி. கூட்டின்மேல் தகடு கிடையாது. பஞ்சு மெத்தை, மெல்லிய துணி, அதற்கு மேல் பூச்சுப் போட்ட செயற்கைத் தோல். நம் ஊரில் சோபாவுக்கும் சைக்கிள் ரிக்‌ஷாவுக்கும் போட்ட ரெக்சின் அந்தக் குடும்பம்தான். மூலைகளில் மட்டும் வடிவம் நிற்பதற்குக் கம்பிவலை.

பாடியின் எடை கணிசமாகக் குறைந்தது. கதவு சாத்தினால் டங்கென்ற ஒலி இல்லை. வாரக்கணக்கில் பெயின்ட் காயக் காத்திருக்கவும் வேண்டாம். பிரான்சிலும் இங்கிலாந்திலும் பட்டறைகள் உரிமம் வாங்கப் போட்டி போட்டன. இங்கிலாந்தில் ஆட்ல்ஸ்டோனிலும் அமெரிக்காவில் இண்டியானாபொலிஸிலும் வெய்மன் தொழிற்சாலையே வந்தது. லு மான் பந்தயத்தில் ஓடிய பென்ட்லிகளுக்கு வாண்டன் பிளா பட்டறை கட்டிய பாடிகளும் துணி போர்த்தியவைதான்.

பத்து வருடம்கூட அந்தப் புகழ் நிற்கவில்லை. துணி வெளுத்தது, கிழிந்தது. ஈரம் உள்ளே போனால் பஞ்சு அழுகியது. அதைவிடப் பெரிய காரணம், துணியில் பளபளப்பு வராது. 1930 வாக்கில் எல்லாருக்கும் பளபளப்பு வேண்டியிருந்தது. அந்தப் பளபளப்பு எங்கிருந்து வந்தது என்பதற்குச் சற்றுப் பொறுத்து வருவோம்.

அதற்கு முன், மரத்தின் பெருமை பேசும் மூன்று கார்கள். 1912இல் பாரிஸின் லபூர்டெத் பட்டறை, பனார் லெவசோர் சேஸிஸின் மேல் செவாலியே ரெனே தெ நிஃப்புக்காகப் படகு வடிவில் ஒரு பாடி கட்டியது. மெல்லிய மகோகனிப் பட்டைகளை அடுக்கடுக்காகக் குறுக்கும் நெடுக்குமாக இணைத்த, கதவே இல்லாத பாடி. ஸ்கிஃப் என்ற அந்தப் பெயர் பிறகு ஒரு பாணியாகவே ஆயிற்று. 1924இல் பந்தயக்காரர் ஆந்த்ரே துபோனே தன் ஹிஸ்பானோ சூயிஸாவுக்குப் பாடி கட்டச் சொன்னது எந்த வண்டிப் பட்டறையிடமும் இல்லை. நியூபோர் என்ற விமானக் கம்பெனியிடம். மெல்லிய மரவிலாக்களின் மேல் மில்லிமீட்டர் கணக்கில் கனமுள்ள மரப்பட்டைகளை ஆயிரக்கணக்கான ரிவெட் அடித்து இணைத்தார்கள். சிசிலியின் டார்கா ஃப்ளோரியோ பந்தயத்தில் அது ஓடி ஆறாவதாக வந்தது. ‘ட்யூலிப் மரக் கார்’ என்று உலகம் அழைக்கிறது, ஆனால் அது மகோகனி. 2022இல் ஏலத்தில் 90 லட்சம் டாலருக்கு மேல் போனது.

மூன்றாவது கார் நம் கல்கத்தாவில் ஓடியது. ராபர்ட் நிக்கல் மாத்யூசன் என்ற அங்கிருந்த ஆங்கிலேயச் செல்வந்தருக்காக 1910இல் இங்கிலாந்தின் லோஸ்டாஃப்ட்டில் புரூக் கம்பெனி கட்டிய அன்னக் கார். முன்பாதி முழு அன்னப்பறவை. மரத்தில் செதுக்கிய பாடியில் தங்க ரேக்கு ஒட்டிய தாமரைகள். கண்களில் மின்விளக்கு. அலகு வழியாகச் சுடுநீர் பீய்ச்சிக் கூட்டத்தை விலக்கலாம். பறவை எச்சமிடுவது போலப் பின்னால் சுண்ணாம்புக் குழம்பு விழவும் ஏற்பாடு இருந்ததாம். முதல் ஊர்வலத்திலேயே தெருவில் அமளி, போலீஸ் தடுத்தது. பிறகு நாபா மகாராஜா வாங்கினார். இன்று நெதர்லாந்தின் ஹேக் நகரில் லௌமன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரசனை என்று இதைச் சொல்ல முடியாது. தனியாகப் பாடி கட்டும் காலத்தில் பணமிருந்தால் எதையும் கேட்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியும் கிடையாது.

பாரிஸிலும் லண்டனிலும் இப்படி ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டிருந்தபோது, பிலடெல்பியாவில் எட்வர்ட் பட் வேறு கணக்குப் போட்டார். எஃகுத் தகட்டை அழுத்தி ரயில் இருக்கை செய்யும் தொழிலில் பழகியவர். 1912இல் சொந்தக் கம்பெனி தொடங்கி, வியன்னாவிலிருந்து வந்த பொறியாளர் ஜோசப் லெட்விங்காவோடு சேர்ந்து, மரமே இல்லாத காரைக் கட்ட முனைந்தார். பெரிய அச்சு இயந்திரத்தில் தகட்டை வைத்து ஒரே அழுத்தில் வளைவைக் கொண்டுவந்து, துண்டுகளை மின்சாரத்தால் பற்றவைப்பது அவர் முறை. கார் முதலாளிகள் நம்பவில்லை. 1914இல் டாட்ஜ் சகோதரர்கள் நம்பி, 5,000 பாடிக்கு ஆர்டர் கொடுத்தார்கள்.

எஃகு வலுவானது என்பதால் டாட்ஜ் அதை எடுத்தது என்று பலரும் எழுதுகிறார்கள். வலு ஒரு காரணம்தான். அதைவிடக் கனமான காரணம் அடுப்பு. எஃகுப் பாடியைப் பெயின்ட் பூசி அப்படியே சூட்டு அறைக்குள் தள்ளலாம். எனாமல் சில மணி நேரத்தில் வெந்து இறுகும். மரக்கூடு உள்ள பாடியை அந்தச் சூட்டில் வைத்தால் மரம் சுருங்கும், பிளக்கும், பசை விடும். ஹென்றி ஃபோர்ட் 1914 முதல் 1925 வரை மாடல் டியைக் கறுப்பில் மட்டுமே கொடுத்ததற்கும் இந்தப் பூச்சின் சங்கதிதான் பின்னணி. சூட்டில் விரைவாக இறுகிய மலிவான எனாமல் கறுப்பில்தான் கிடைத்தது.

நிறத்தோடு வேகமும் வேண்டும் என்ற ஆசையைத் தீர்த்தது டூபான்ட் கம்பெனியின் டூகோ. 1923இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் கார் ‘ட்ரூ புளூ’ என்ற நீல நிறத்தில், 1924ஆம் ஆண்டு மாடலாக, அதைப் பூசிக்கொண்டு வந்தது. வெடிமருந்துக்கும் சினிமாப் படச்சுருளுக்கும் ஆதாரமான நைட்ரோ செல்லுலோஸ்தான் அதற்கும் மூலப்பொருள். வெய்மன் காரின் செயற்கைத் தோலுக்குப் பூசிய பொருளும் அதுவே. தெளித்தால் கரைப்பான் ஆவியாகி நிமிடக் கணக்கில் காயும். வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. ஒரு நாளைக்கு 1,000 கார் செய்யும் கம்பெனிக்கு, மூன்று வாரம் காயவேண்டிய வார்னிஷ் என்றால் எந்த நேரமும் 21,000 பாடிகள் கூரைக்கடியில் சும்மா நிற்க வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், பழைய வார்னிஷ் அறை ஏன் செத்தது என்று வேறு விளக்கம் தேவைப்படாது.

விலை இறங்க இறங்க அமெரிக்கர்கள் மூடிய காருக்கு மாறினார்கள். 1919இல் அங்கே விற்ற கார்களில் பத்தில் ஒன்றுதான் மூடிய கார். 1927இல் நூற்றுக்கு 85. மூடிய கார் என்றால் அதிகத் தகடு, அதிக அச்சு வேலை. ஐரோப்பாவும் பின்தொடர்ந்தது. 1924 இறுதியில் சிட்ரோயன், பட் முறையில் முழு எஃகுக் காரைக் காட்டியது. 1926இல் இங்கிலாந்தின் கௌலியில் மோரிஸ் தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே பிரெஸ்டு ஸ்டீல் கம்பெனி எழுந்தது.

அப்படியும் மரம் உடனே வெளியேறவில்லை. அச்சு செதுக்க ஆகும் செலவு அவ்வளவு பெரிது. பல்லாயிரம் கார் விற்றால்தான் கட்டுப்படியாகும். சில நூறு கார் செய்கிறவருக்குத் தச்சரே மலிவு. டெட்ராய்ட்டின் ஃபிஷர் சகோதரர்கள், குதிரைவண்டிக் குடும்பத்திலிருந்து வந்து 1908இல் கம்பெனி தொடங்கியவர்கள், ஜெனரல் மோட்டார்ஸுக்கு லட்சக்கணக்கில் பாடி செய்தபோதும் 1930களின் நடுப்பகுதிவரை எஃகுக்கு உள்ளே மரச்சட்டம் வைத்தார்கள். ஹென்றி ஃபோர்ட் மிச்சிகன் மாநிலத்தில் காடுகளையே வாங்கி அயர்ன் மவுண்டனில் மர ஆலை வைத்தார். மிஞ்சிய மரத்துண்டையும் தூளையும் வீணாக்க மனமின்றிக் கரிக்கட்டிகளாக்கி விற்றார். அமெரிக்க வீட்டுக் கொல்லைகளில் இறைச்சி சுட இன்றும் விற்கும் கிங்ஸ்ஃபோர்ட் கரி அந்தக் கார் மரத்தூளிலிருந்து பிறந்த வியாபாரம்.

கூரைதான் கடைசியாக எஃகுக்கு மாறியது. 1930களின் தொடக்கத்து எஃகுக் காரைக்கூட மேலிருந்து பார்த்தால் நடுவில் ஒரு பெரிய ஓட்டை, அதில் இழுத்துக் கட்டிய நீர்புகாத் துணி. காரணம் அழகு சம்பந்தப்பட்டதல்ல. கூரை முழுவதற்கும் போதுமான அகலத்தில் நல்ல எஃகுத் தகடு உருட்ட ஆலைகளால் முடியவில்லை. கென்டக்கியின் ஆஷ்லண்டில் 1923இல் தொடங்கிய தொடர் உருட்டாலை முறை பரவிய பிறகே அகலத் தகடு தாராளமாகக் கிடைத்தது. 1935 மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரே தகட்டிலான எஃகுக் கூரையைக் கொண்டுவந்து, ‘டரட் டாப்’ என்று தம்பட்டம் அடித்தது.

தனிப் பட்டறைகளுக்கு உண்மையான அடி வேறு பக்கத்திலிருந்து விழுந்தது. 1922இல் காட்டப்பட்ட இத்தாலிய லான்சியா லாம்டாவில் தனிச் சேஸிஸ் இல்லை, பாடியே சட்டம். 1934இல் சிட்ரோயன் டிராக்‌ஷன் அவாங் அதையே பெரிய அளவில் செய்தது. பாடியைக் கழற்றினால் கார் என்று ஒன்று மிஞ்சாத நிலையில், வெளிப் பட்டறைக்கு அனுப்ப எது இருக்கிறது? அந்தச் சூழலிலும் புதிதாக யோசித்தவர்கள் மிலன்காரர்கள். முன்பு வெய்மன் உரிமத்தில் வேலை செய்த டூரிங் பட்டறை, 1930களின் நடுவில் சூப்பர்லெஜரா என்ற முறையைக் கொண்டுவந்தது. மரத்துக்குப் பதில் விரல் பருமனுள்ள எஃகுக் குழாய்களால் கூடு, மேலே அலுமினியம். 1940இல் மில்லே மிலியா பந்தயத்தை வென்ற பி.எம்.டபிள்யூ. 328 அந்தப் பாடியில் ஓடியதுதான். 1958இல் வந்த ஆஸ்டன் மார்ட்டின் டி.பி.4இலும் அந்த முறை உயிரோடு இருந்தது.

இங்கிலாந்தின் பழைய பெயர்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. பார்க்கரை 1938இல் ஹூப்பர் என்ற பட்டறை வாங்கியது. ஹூப்பரே 1959இல் கார் கட்டுவதை நிறுத்தியது. ரோல்ஸ் ராய்ஸ் தன் சொந்த ஆலையிலிருந்து முழுக் காராக விற்கத் தொடங்கியது 1946இல், அதுவும் பென்ட்லி பெயரில். ரோல்ஸ் ராய்ஸ் பெயரில் முழுக் கார் வர 1949 ஆயிற்று. விதிவிலக்காக, மால்வெர்னில் மோர்கன் கம்பெனி மட்டும் இன்றும் ஆஷ் மரச்சட்டம் இழைத்துக் கார் கட்டுகிறது.

தொழில் நம் ஊரிலும் இதே பாதையில்தான் வந்தது. 1840இல் சென்னையில் தொடங்கிய சிம்சன் கம்பெனி, குதிரைவண்டி கட்டிப் பெயர் வாங்கியது. 1903இல் அங்கே சாமுவேல் ஜான் கிரீன் ஒரு நீராவிக் காரைக் கட்டிச் சென்னைத் தெருவில் ஓட்டினார். பிறகு அந்தப் பட்டறை மோட்டார் பாடிகளுக்கு மாறியது. கார்களில் ஒழிந்துபோன அந்த ஏற்பாடு பேருந்திலும் லாரியிலும் ஒழியவில்லை. ஓட்டுநர் இருக்கையும் எஞ்சினும் மட்டுமுள்ள வெறும் சேஸிஸ்கள், ஹெல்மெட்டும் கண்ணாடியும் போட்ட ஓட்டுநர்களோடு தேசிய நெடுஞ்சாலையில் வரிசையாகப் போவதைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர் குறைவு. அவை போய்ச் சேரும் கரூர், நாமக்கல் பட்டறைகளில் முதலாளிகள் இன்றும் தங்களுக்கு வேண்டிய அளவையும் இருக்கையையும் நிறத்தையும் சொல்லிப் பாடி கட்டிக்கொள்கிறார்கள். மரத்தின் இடத்தில் இரும்புக் குழாய் வந்துவிட்டது. பேருந்துப் பாடிகளுக்கு அரசின் விதிமுறைகளும் வந்துவிட்டன. மற்றபடி சேஸிஸ் ஒருவரிடம், பாடி இன்னொருவரிடம் என்ற ஏற்பாடு லண்டனில் பார்க்கர் செய்ததேதான்.

பழைய கார்களை நேரில் பார்க்க விரும்புகிறவர்களுக்குக் கோவை அவிநாசி சாலையில் ஜீடி கார் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கோ, ஊரில் எப்போதாவது நடக்கும் பழைய கார் ஊர்வலத்திலோ, 1930க்கு முந்தைய கார் ஒன்று கண்ணில் பட்டால் எஞ்சினை மட்டும் பார்த்துவிட்டு நகர வேண்டாம். கதவு திறந்திருந்தால் தூணின் உட்புறத்தில் மரம் தெரிகிறதா என்று பாருங்கள். இடுப்புப் பட்டி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, கூரையின் நடுவில் துணியா தகடா என்று பாருங்கள். உரிமையாளர் அனுமதித்தால் ஒரு சிறு காந்தத்தைத் தகட்டில் வைத்துப் பார்க்கலாம். ஒட்டாவிட்டால் அது பெரும்பாலும் ஒரு தொழிலாளி கையால் இழுத்த அலுமினியம்.